மாமா பெயரில் ஒரு கணினி

டிசம்பர் 27

இன்றும் லிப்ட் ஓடவில்லை. நாகையா மாமாவும் தனபாலன் அண்ணனும் ஏழாம் மாடி வரைக்கும் கணினிப் பெட்டியைப் படியிலேயே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமா அம்மாவுக்கு அண்ணன். மூன்றாம் மாடியில் இருக்கிறார். கூலிம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எங்கள் அடுக்குமாடியின் குடியிருப்பாளர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். தனபாலன் அண்ணன் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், பேரங்காடி ஒன்றில் காவலாளி.

அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார். எழுந்து வந்து பெட்டியைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"எதுக்குண்ணே இவ்ளோ காசு போட்டு?"

"எங்காசு இல்ல தங்கச்சி, கவர்மெண்டு காசு. கம்ப்யூட்டரு, இன்டர்நெட் லைனு எல்லாத்துக்கும் சேத்து ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி வரைக்கும் டேக்ஸ்ல கழிச்சிக்கலாம். மார்ச்சுல டேக்ஸ் பாரம் நெரப்பினா அப்படியே திரும்பி வந்துடும். ரெசிட்டு என் பேர்ல இருக்கணும், அவ்ளோதான்."

"அப்ப ஓசியா?" என்றார் தனபாலன் அண்ணன். நெற்றி வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓசிதான். நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது."

கடையில் கொடுத்த விளம்பரத் தாளை மாமா என்னிடம் நீட்டினார். "லோகேஸ், நீ மலாய் நல்லாப் படிப்பியேம்மா. பாத்துச் சொல்லு, முழுசா வந்துடும்தானே?"

நான் தலையாட்டினேன். நான் எதற்கும் தலையாட்டுவேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கணினி எங்கள் வீட்டில் இருக்கும். சங்கத்தின் அறிவிப்புகளை நான் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். இணைய இணைப்பும் மாமா பெயரில்தான்.

டிசம்பர் 28

மேசை இல்லை. தையல் இயந்திரத்தின் மேல் பலகை போட்டு வைத்திருக்கிறோம்.

ஜனவரி 5

சங்கத்துக்கு மூன்று அறிவிப்புகள் தட்டச்சு செய்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவுவது, மோட்டார் சைக்கிள்களை நடைபாதையில் நிறுத்தக்கூடாது, மேல்மாடியிலிருந்து குப்பை வீசக்கூடாது. மூன்றாவதை மாமா பெரிய எழுத்தில் கேட்டார்.

அப்பா ஜொகூரிலிருந்து கூப்பிட்டார். அங்கே லோரி ஓட்டுகிறார், மாதத்தில் இரண்டு முறை வருவார். "புதுக் கம்ப்யூட்டர்ல என்னா பண்றே?" என்றார். நிவாவுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன்.

நிவா என் தங்கை, ஐந்து வயது. முழுப் பெயர் நிவாஷினி. நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டது அவளுக்காகத்தான். அம்மா இரவு வேலை, பகலில் தூங்க வேண்டும். பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு வருடம் ஆகிவிட்டது. எனக்குப் பதினேழு.

ஜனவரி 12

நிவா பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். எட்டு மணிக்குக் கொண்டு போய் விட்டேன். அழவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் கூட்டி வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து அரிசி போட்டேன். துணி துவைத்தேன். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மணி ஒன்பதரைதான் ஆகியிருந்தது.

ஜனவரி 19

எட்டாம் மாடி புஷ்பவல்லி அக்கா படியில் பிடித்துக்கொண்டார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறவர். "இப்பத்தான் சின்னவ பள்ளிக்குப் போறாளே. ஒனக்கென்னா, நீயும் போலாம்ல?"

சிரித்துவிட்டு இறங்கிவிட்டேன். அதற்கெல்லாம் வயது தாண்டிவிட்டது.

பத்து மணிக்கு ஒரு தன்னார்வக் குழு இணையத்தில் இலவச வகுப்பு நடத்துகிறது. பள்ளிக்குப் போகாமல் ஐந்தாம் படிவத் தேர்வைத் தனியாக எழுதுகிறவர்களுக்கு. சும்மா திறந்து பார்த்தேன். கணிதம். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, பேசவும் வேண்டியதில்லை. பதிலைத் தட்டச்சு செய்தால் போதும்.

ஜனவரி 20

வகுப்பு. நேரம் போக வேண்டுமே.

ஜனவரி 22

வகுப்பு. கத்தரிக்காய் அடிபிடித்துவிட்டது.

பிப்ரவரி 3

தைப்பூசத்துக்கு லீவு விட்டு இன்று மறுபடி வகுப்பு. ஆசிரியர் பெயர் ரேவதி. ஒரு கேள்வி கேட்டார். முப்பத்தெட்டுப் பேரில் யாரும் எழுதவில்லை. நான் எழுதினேன். "லோகேஸ்வரி சரியாகச் சொல்லியிருக்கிறார், எல்லாரும் பாருங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தட்டச்சுதான் செய்தேன். ஆனாலும் சொல்லியிருக்கிறார் என்றார்.

நிவாவைக் கூட்டி வர ஐந்து நிமிடம் தாமதம். வாசலில் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நீ ஓடி வந்தியா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 20

ரமலான் நோன்பு ஆரம்பித்துவிட்டது. கடைகளில் பெருநாள் சலுகை என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். லிப்ட் ஓடுகிறது, அதனால் எல்லோரும் லிப்டில் நின்று பேசுகிறார்கள். இன்று மாமா உள்ளே இருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர்.

"கம்ப்யூட்டரு, டேப்லட்டு, போனு, எது வாங்கினாலும் சரி. ரெசிட்ட மட்டும் தொலைக்காத. வர்ற காசுல நான் பிரிட்ஜ் வாங்கப்போறேன். பிள்ளைங்களுக்குக் கவர்மெண்டு கொடுக்குது, நாமதான் கேட்டு வாங்கறதில்ல. ஏன் லோகேஸ்?"

ஏழாம் மாடி வந்துவிட்டது. தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

மார்ச் 1

வரிப் படிவத்தை இன்றிலிருந்து இணையத்தில் நிரப்பலாம். மாமா காலையிலேயே வந்து ரகசிய எண்ணையும் ரசீதுகள் போட்ட உறையையும் கொடுத்துவிட்டுப் போனார். "எவ்ளோ வருதுன்னு மட்டும் சொல்லு. அத்தைக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கணும்."

எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். கணினி, இணையம் என்ற கட்டத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு போட்டுப் பார்த்தேன், எடுத்துவிட்டுப் பார்த்தேன். வித்தியாசம் நூற்றைம்பது வெள்ளி. எதிர்பார்த்த எண்தான். கழிப்பது வருமானத்திலிருந்து. கழித்த தொகைக்குப் போடும் வரி மட்டும்தான் மிச்சமாகும். மாமாவின் சம்பளத்துக்கு அது நூற்றைம்பது.

இன்னொன்றும் இருக்கிறது. தனக்கோ, மனைவிக்கோ, பிள்ளைக்கோ வாங்கியதாக இருக்க வேண்டும். நான் அவருக்குத் தங்கை மகள்.

படிவத்தை அனுப்பவில்லை. ஏப்ரல் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது.

மார்ச் 2

மாமா கேட்டார். இணையம் மெதுவாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 5

வகுப்பு. வரலாறு. தனித்தேர்வர் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெயர், அடையாள அட்டை எண் போட்டு வைத்திருக்கிறேன். மற்றதை நிரப்பவில்லை.

மார்ச் 9

தனபாலன் அண்ணன் மடிக்கணினி வாங்கிவிட்டார். லிப்டில் என் பக்கத்தில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். காவலாளிச் சீருடையோடேயே கடைக்குப் போய் வந்திருக்கிறார்.

"மவ காவியாவுக்குத்தாம்மா. ரெண்டாம் படிவம் போயிட்டா. மாசாமாசம் கட்டணும், ரெண்டு வருசம். பரவால்ல, அடுத்த வருசம் கவர்மெண்டு கொடுத்தா மொத்தமா அடைச்சிடலாம்னு ஒங்க மாமா சொன்னாரு."

பெட்டி ரொம்பப் பெரிதாக இருந்தது. நான் ஒதுங்கி நின்று அவருக்கு இடம் கொடுத்தேன்.

மார்ச் 10

தனபாலன் அண்ணன் கடைத் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார், எல்லாம் மலாயில் இருக்கிறது, வாசித்துச் சொல் என்று. உத்தரவாதம் ஒரு வருடம். தண்ணீர் பட்டால் உத்தரவாதம் செல்லாது. சேதமில்லாமல் இருந்தால் ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மாதம் எட்டாம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னேன். எதையும் விடவில்லை.

"நல்லாப் படிக்கறம்மா நீ," என்றார். அவர் மனைவி கொடுத்து அனுப்பியதாக ஒரு தட்டில் நாலு வடை வைத்துவிட்டுப் போனார்.

அவருக்கு மாதம் ஆயிரத்து எழுநூறு சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு வரியே கிடையாது.

மார்ச் 11

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி.

மார்ச் 13

வகுப்புக்குப் போகவில்லை. அம்மாவின் வேலைச் சட்டைகளை இஸ்திரி போட்டேன். நிவாவின் பள்ளி உடைகளையும் போட்டேன். பிறகு தலையணை உறைகளையும் போட்டேன்.

மார்ச் 16

ஏழு நாள் முடிந்துவிட்டது.

மார்ச் 17

புஷ்பவல்லி அக்காவும் வாங்கப் போகிறாராம். மகன் நாலாம் படிவம். பெருநாள் முடிந்த மறுவாரம் வரை சலுகை நீட்டித்திருக்கிறார்களாம். மூன்று வருடத் தவணை. படியில் நின்று சந்தோஷமாகச் சொன்னார். அவருக்குக் கிடைப்பது தனபாலன் அண்ணன் சம்பளத்தைவிடக் குறைவு.

வீட்டுக்கு வந்து மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நேரில் என்னால் முடியாது. மூன்று முறை எழுதி அழித்து நாலாவது முறை அனுப்பினேன். நூற்றைம்பது வெள்ளிதான் வரும் என்பதையும், வரி கட்டாதவர்களுக்கு ஒன்றும் வராது என்பதையும், தனபாலன் அண்ணனிடமும் புஷ்பவல்லி அக்காவிடமும் சொல்லிவிட வேண்டும் என்பதையும் எழுதினேன்.

நீல நிறச் சரிக்குறி விழுந்தது. பதில் வரவில்லை.

மார்ச் 18

வேலை முடிந்து ஐந்து மணிக்கு மாமா நேராக வந்துவிட்டார். அம்மா கிளம்பிப் போயிருந்தார். காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "திறந்து காட்டு" என்றார்.

காட்டினேன். கட்டத்தில் எண்ணைப் போட்டேன், எடுத்தேன். மறுபடி போடச் சொன்னார், போட்டேன். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"அப்ப எங்காசுதான் போயிருக்கு," என்றார். தண்ணீரைக் குடித்து முடித்து, "நெசமாவே ஒனக்கு நான்தான் வாங்கிக் கொடுத்திருக்கேன்," என்றார். அவருக்கே அது சிரிப்பாக இருந்தது போல. சிரித்தார்.

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரி விடு. நீயே வச்சிக்கோ. லைனும் நான் கட்டிக்கறேன். அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "ஆனா வெளிய யாருக்கும் இது தெரிய வேணாம். அடுத்த மாசம் சங்கத் தேர்தல். லிப்டு ரிப்பேருக்கு மனு மேல மனு போட்டு வாங்கினது நானு. இது தெரிஞ்சா தலைவருக்குப் படிவம் படிக்கத் தெரியலன்னு நோட்டீஸே அடிப்பானுங்க."

"புஷ்பா அக்கா..." என்றேன்.

"அது புள்ளைக்கு வாங்குது. நல்ல காரியம்தானே. நாம என்னா சூதாடவா சொன்னோம்." குரல் தாழ்ந்தது. "பேசாம இருக்கறது ஒனக்குப் புதுசாம்மா?"

போகும்போது கணினியின் மேல் கிடந்த நிவாவின் ரிப்பனை எடுத்து ஒழுங்காக மடித்துவைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 19

வகுப்பு. ரேவதி டீச்சர், "லோகேஸ்வரி ஒரு வாரமா காணோமே" என்று கேட்டார். வீட்டில் வேலை என்று எழுதினேன். பதிவுக்குக் கடைசி நாள் நெருங்குகிறது, யாரும் விட்டுவிட வேண்டாம் என்றார்.

மார்ச் 22

பெருநாள். கீழ்வீட்டு கதிஜா அக்கா ஓலையில் கட்டி வேகவைத்த கெத்துப்பாட் சோறும் ரெண்டாங் கறியும் கொடுத்து அனுப்பினார். அப்பா வரவில்லை, பெருநாளுக்கு லோரி ஓட்டினால் இரட்டைச் சம்பளமாம். நாள் முழுக்கக் கணினியைத் திறக்கவில்லை. துணி போட்டு மூடி வைத்திருந்தேன். நிவா துணியைத் தூக்கிப் பார்த்து, "தூங்குதா?" என்றாள்.

மார்ச் 25

வகுப்பு. பதில் தெரிந்தது, எழுதவில்லை.

மார்ச் 26

சங்கத்துக்காக அறிவிப்பு ஒன்று தட்டச்சு செய்தேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கீழ்த்தள மண்டபத்தில் குடியிருப்பாளர்களுக்கு வருமான வரிப் படிவம் இலவசமாக நிரப்பித் தரப்படும். ரசீதுகளுடன் வரவும். தலைவர், நாகையா.

நிரப்பப்போவது நான். அதை அறிவிப்பில் போடவில்லை.

மார்ச் 28

மெதுவாக எழுதுகிறேன். எதையும் விடாமல் எழுத வேண்டும்.

மாமா எட்டு மணிக்கே கணினியைக் கீழே கொண்டு போய்விட்டார். மண்டபத்தில் நீள மேசை போட்டுத் திரையை ஆட்களைப் பார்த்து வைத்திருந்தார். சொல்லித் திருப்பி வைத்துக்கொண்டேன். இருபது இருபத்தைந்து பேர் இருப்பார்கள். எல்லோர் கையிலும் ஓர் உறை. சிலர் தண்ணீர்க் கட்டண ரசீதைக்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் கல்யாண மண்டப ரசீது வைத்திருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் பிரச்சினை ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்க்காமல் எண்களை வாங்கி வாங்கிப் போட்டேன். நான்கு பேரின் படிவம் முடிந்தது. மாமா ஒவ்வொருவர் தோளையும் தட்டி அனுப்பினார்.

அப்புறம் புஷ்பவல்லி அக்கா வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். கையில் உறை இல்லை, கடைக்காரன் கொடுத்த தவணைப் படிவம் இருந்தது.

"எனக்கு நெரப்ப ஒண்ணுமில்லம்மா. இங்கருந்து நேரா கடைக்குத்தான் போறேன், கையெழுத்துப் போட. ஒரு தடவ கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். தலைவரே, முழுசா திருப்பிக் கொடுத்துடுவாங்கல்ல?"

"கொடுப்பாங்க, கொடுப்பாங்க," என்றார் மாமா.

"இல்ல, மூணு வருசம் கட்டணுமே, அதான்."

மாமா என்னைப் பார்க்காமல் கையை மட்டும் என் பக்கம் காட்டினார். "எம்மேல நம்பிக்கை இல்லன்னா இதோ என் மருமவ உக்காந்திருக்கா. அவளையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு தலையாட்டல். அதை நான் நூறு தடவை செய்திருக்கிறேன். கழுத்து தானாகவே அசையப் பார்த்தது.

"இல்லக்கா," என்றேன்.

மேலே காற்றாடி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "என்னாம்மா?" என்று அக்கா குனிந்து காதைக் கொடுத்தார்.

"இல்லக்கா. ஒங்களுக்கு ஒண்ணும் வராது. வரி கட்டுறவங்களுக்குத்தான் அந்த வரியில கொஞ்சம் குறையும். ஒங்க சம்பளத்துக்கு வரியே இல்ல. இல்லாததுலருந்து எதக் குறைப்பாங்க?"

பின்வரிசைக்குக் கேட்கவில்லை. "என்னா சொல்லுது அந்தப் புள்ள?" என்று ஒருவர் கத்தினார். யாரோ காற்றாடியை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். வரி கட்டுகிறவர்களுக்கும் முழுக் காசு வராது, கொஞ்சம்தான் என்றும் சொன்னேன்.

"தலைவருக்கு எவ்ளோ வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"நூத்தம்பது," என்றேன்.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒருவர், "பிரிட்ஜுக்குக் கதவு வாங்கலாம்," என்றார். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

தனபாலன் அண்ணன் சிரிக்கவில்லை. சுவரோரமாக நின்றிருந்தார். இரவுக் காவல் முடிந்து தூங்காமல் வந்திருக்கிறார். "பத்தாந்தேதி ஒங்கிட்டத்தானே தாளக் கொண்டாந்து கொடுத்தேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ஏழு நாள்ல திருப்பிக் கொடுக்கலாம்னு நீதானே வாசிச்ச."

"ஆமாண்ணே."

"அப்ப தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"எப்பருந்து?" இது புஷ்பவல்லி அக்கா.

டிசம்பரில் மாமா அந்த விளம்பரத் தாளை என் கையில் கொடுத்தபோது முதல் வரியில் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றிருந்தது. இரண்டாம் வரியில், வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும் என்றிருந்தது. இரண்டையும் படித்துவிட்டுத்தான் தலையாட்டினேன். பெட்டி அப்போது வாசலில் இருந்தது. முழுசா வராது என்று நான் சொல்லியிருந்தால் அப்படியே திரும்பிப் போயிருக்கும்.

"மொதல்லருந்தே," என்றேன்.

அக்கா தவணைப் படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "ஊமைன்னு நெனச்சேன்டி ஒன்ன," என்றார். "வாயத் தொறந்தா இப்படியா." போய்விட்டார். கடைக்குப் போகவில்லை, லிப்ட் பக்கம் போனார்.

மாமா கணினியை முறைப்படி அணைக்காமல் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். இன்னும் ஒருவரின் படிவம் பாதியில் இருந்தது. திரையையும் பெட்டியையும் இரண்டு நடையில் லிப்ட் வாசலுக்குக் கொண்டு போனார். விசைப்பலகையை நான் எடுத்துக் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

"ஒங்கம்மா மூஞ்சிக்காகத்தான் ஒண்ணும் பேசாம போறேன்," என்றார்.

மார்ச் 29

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தொழிற்சாலைப் பேருந்திலேயே சொல்லிவிட்டார்களாம். தையல் இயந்திரத்தின் மேல் வெறும் பலகை கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்." சோற்றைப் பிசைந்தார். "அப்படி அந்தக் கம்ப்யூட்டர்ல என்னாதான் பாத்தே?"

வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"படிக்கணும்னா அப்பவே படிச்சிருக்கலாமேடி. நிவாவ நான் பாத்துக்கறேன்னு புஷ்பா அன்னிக்கே வந்து சொல்லுச்சே. நீதானே வேணாம்னு அழுதே."

நான் பள்ளியை விட்ட அந்த வாரம் மலாய் வாய்மொழித் தேர்வு இருந்தது. வகுப்பின் முன்னால் போய் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 30

மாமா வரிப் படிவத்தைத் தானே அனுப்பிவிட்டாராம். அத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கணினி இப்போது அவர் வீட்டில், அவர் பிள்ளைகளிடம் இருக்கிறது. இனி அந்த நூற்றைம்பது வெள்ளி அவருக்கு முறைப்படியே சேரும்.

பத்து மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. வெங்காயம் உரித்தேன்.

மார்ச் 31

புஷ்பவல்லி அக்கா படியில் எதிரே வந்தார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். என்னைத் தாண்டிப் போனவர், "இன்னிக்கி நீல வாளியில தண்ணி பிடிச்சி வை, மத்தியானம் தண்ணி வராது," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

ஏப்ரல் 1

காலையில் நிவாவை விட்டுவிட்டு வந்தபோது தனபாலன் அண்ணன் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள். மடிக்கணினியை அதன் பெட்டியிலேயே போட்டு, பெட்டியை நெகிழிக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"கெளம்பு. கடைக்குப் போவோம்."

"ஏழு நாள் முடிஞ்சிருச்சேண்ணே."

"தெரியும். நீதான் வாசிச்சியே. வந்து அவன்கிட்ட பேசு. எனக்கு மலாய் பசார்ல மீன் வாங்கப் பேசற அளவுக்குத்தான் வரும். இந்தத் தாள்ல இருக்கறதப் பேச வராது. ஒனக்கு வரும்."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா படுக்கையிலிருந்தபடியே, "போயிட்டு வா. நிவாவ நான் கூட்டியாறேன்," என்றார். அப்படிச் சொன்னால் அவருக்கு இன்றைக்குத் தூக்கம் கிடையாது.

அவருடைய மோட்டார் சைக்கிளில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். காவியாவிடமிருந்து எப்படி வாங்கினீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சமிக்ஞை விளக்கில் நின்றபோது அவரே சொன்னார். "ரெண்டு நாளா எங்கிட்ட பேச மாட்டேங்குது."

கடை பெரியது. குளிர். எங்கே பார்த்தாலும் திரைகள், எல்லாவற்றிலும் ஒரே மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் சிரித்துக்கொண்டே வந்தார். தனபாலன் அண்ணன் பெட்டியை முகப்பில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். நான் ஒளிந்துகொள்ள எனக்கு முன்னால் யாரும் இல்லை.

முதல் வாக்கியம் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. இவர் வரிச் சலுகை முழுதாகத் திரும்பி வரும் என்று நம்பி வாங்கினார் என்று மலாயில் சொன்னேன். உங்கள் விளம்பரத்தில் தொகை பெரிய எழுத்திலும் விளக்கம் சிறிய எழுத்திலும் இருந்தது. விளக்கம் எனக்குத் தெரியும், இவருக்கு நான் சொல்லவில்லை, தவறு என்னுடையது. கணினியில் ஒரு கீறல் கிடையாது. ஒரு மாதத் தவணையை நீங்கள் எடுத்துக்கொண்டு மீதியை ரத்து செய்ய முடியுமா? முடியாது என்றால் விலை குறைந்த ஒன்றுக்கு மாற்றித் தர முடியுமா? அதுவும் முடியாது என்றால் தவணைக் காலத்தை நீட்டித்து மாதக் கட்டணத்தையாவது குறைக்க முடியுமா?

நடுவில் ஒரு சொல் மறந்துபோய் வேறு சொல் போட்டேன். பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் முழுக்க என்னையே கவனித்தது. ஆனாலும் கடைசி வரை சொல்லி முடித்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.

நீலச் சட்டைக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, தான் கைப்பேசி உறை விற்கும் பகுதியைச் சேர்ந்தவர் என்றார். தவணை விவகாரம் எல்லாம் மேலாளர்தான் பார்ப்பார். அவர் இன்று விடுமுறை, நாளைக்குப் பதினொரு மணிக்கு வருவார்.

வெளியே வந்ததும் தனபாலன் அண்ணன் கேட்டார். "என்னா சொன்னான்?"

சொன்னேன். அவர் வெயிலில் நின்று கொஞ்ச நேரம் மோட்டார் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீ பேசினதுல பாதி எனக்கே கேக்கல," என்றார். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமா பேசு. பத்தரைக்கு ரெடியா இரு."

சரி என்றேன். மேலாளர் ஒத்துக்கொள்வார் என்று தோன்றவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருக்கிறது. நாளைக்கும் போக வேண்டும், அவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.